அகதி வாழ்வை இலக்கியம் வழியாக வகுப்பில் நடத்துவது: ஆசிரியர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

தமிழ்நாட்டில் மேல்நிலைப் பள்ளியில் தமிழ் நடத்துகிறேன். அகதிகளைப் பற்றிய கவிதை, கதை, நாவல் எதையாவது வகுப்பில் எடுக்க நினைக்கிற ஆசிரியர்கள் என்னிடம் கேட்பவை பெரும்பாலும் இந்தக் கேள்விகள்தான். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்வதை இங்கே ஒரே இடத்தில் எழுதி வைக்கிறேன்.

இதெல்லாம் வரலாற்றுப் பாடத்தில் வருமே, இலக்கியம் எதற்கு?

வரலாற்றுப் பாடம் எண்ணிக்கை தரும். போர், வன்முறை, துன்புறுத்தல் காரணமாக வீட்டை விட்டு விரட்டப்பட்டவர்கள் 2024 முடிவில் உலகம் முழுக்க 12 கோடிக்கும் மேல் என்கிறது ஐ.நா.வின் அகதிகள் அமைப்பு. இதைக் கரும்பலகையில் எழுதினால் பிள்ளைகள் நோட்டில் குறித்துக்கொண்டு அடுத்த வரிக்குக் காத்திருப்பார்கள். கதை செய்யும் வேலை வேறு. கிளம்புவதா இருப்பதா, யாரை முதலில் அனுப்புவது, ஏஜென்டுக்குப் பணம் கட்ட எதை விற்பது, விசாரிக்கிற அதிகாரியிடம் எதைச் சொல்வது எதை விடுவது என்று ஒரு ஆள் தவிக்கிற இடத்துக்கே அது நம்மைக் கூட்டிப் போகிறது.

நான் இந்தப் பாடத்தை எடுப்பதே அந்த முடிவுகளுக்காகத்தான். அகதி என்றதும் பிள்ளைகள் மனதில் ஓடி வந்தவர், கையேந்தி நிற்பவர் என்ற படம்தான் வருகிறது. அந்த நெருக்கடியிலும் யோசித்து, கணக்குப் போட்டு, ஏதோ ஒன்றைத் தேர்ந்தெடுத்தவர் அவர் என்பது பிள்ளைகளுக்குத் தெரிய வேண்டும். அதனால் எந்த நூலை எடுத்தாலும் நான் முதலில் கேட்கும் கேள்வி ஒன்றுதான்: இந்தப் பக்கத்தில் யார் என்ன முடிவு எடுக்கிறார்?

எதிலிருந்து தொடங்கலாம்?

கையிலேயே இருப்பதிலிருந்து. புறநானூறு 112. மூவேந்தரும் சேர்ந்து பறம்பு மலையை முற்றுகையிட்டு, அதை ஆண்ட பாரி இறந்து, மலையும் பறிபோன பிறகு அவர் மகளிர் பாடியது.

அற்றைத் திங்கள் அவ்வெண் நிலவில்
எந்தையும் உடையேம் எம் குன்றும் பிறர் கொளார்
இற்றைத் திங்கள் இவ்வெண் நிலவில்
வென்று எறி முரசின் வேந்தர் எம்
குன்றும் கொண்டார் யாம் எந்தையும் இலமே

கையறுநிலை, அதாவது இழப்புக்கு வருந்திப் பாடும் துறை என்று எழுதிப் போட்டு, பொருள் சொல்லி, தேர்வில் வரும் என்று அடிக்கோடு போட வைத்து அடுத்த பாட்டுக்குப் போய்விடுகிறோம். ஒரு பீரியட் முழுக்க இதிலேயே நில்லுங்கள். பாட்டில் அழுகை எங்கே இருக்கிறது என்று கேளுங்கள். பிள்ளைகள் தேடுவார்கள், ஒரு சொல்கூடக் கிடைக்காது. அப்புறம் வரிசையைப் பார்க்கச் சொல்லுங்கள். போன மாத நிலவில் அப்பா முதலில் வருகிறார், மலை இரண்டாவது. இந்த மாத நிலவில் மலை முதலில் போகிறது, அப்பா கடைசியில். இது ஏன் திரும்பியது என்று கேட்டுவிட்டு நீங்கள் பேசாமல் இருங்கள். கடைசியாகச் சொன்னதுதான் பெரிய இழப்பு என்று சிலர் சொல்வார்கள். மலை போனதால்தானே அப்பாவும் போனார் என்று சிலர் சொல்வார்கள். சண்டையே வரும், வரட்டும்.

கதை அதோடு முடியவில்லை, நாம்தான் அங்கே நிறுத்திவிடுகிறோம். அதே புறநானூற்றில் 200, 201, 202 பாட்டுகளையும் எடுங்கள். பாரியின் நண்பரான கபிலர் அந்தப் பெண்களை அழைத்துக்கொண்டு குறுநில மன்னன் விச்சிக்கோனிடம் போகிறார், இன்னொரு மன்னன் இருங்கோவேளிடம் போகிறார், இவர்களை மணந்துகொள் என்கிறார். 201-ஆம் பாட்டு "இவர் யார் என்குவை ஆயின்" என்று தொடங்குகிறது. இவர்கள் யார் என்று நீ கேட்பாய் என்பது அவருக்குத் தெரியும், அதனால் கேட்பதற்கு முன்பே பதிலைத் தொடங்குகிறார். முல்லைக்குத் தேர் கொடுத்தவனின் மகள்கள் இவர்கள் என்கிறார், தான் யார் என்கிறார், எதிரே இருக்கும் இருங்கோவேளின் குலப்பெருமையைப் பாடுகிறார். இதைவிடத் தெளிவான தஞ்சக் கோரிக்கை தமிழில் எங்கே இருக்கிறது? அப்படியும் அவன் மறுத்துவிடுகிறான், 202-இல் கபிலருடைய கோபம் வெளியே வருகிறது. கபிலர் ஏன் மன்னனைப் புகழ வேண்டியிருந்தது, அந்தப் பெண்கள் அங்கே நின்றுகொண்டிருந்தபோது என்ன நினைத்திருப்பார்கள், அவர்களை யாராவது ஒரு வார்த்தை கேட்டார்களா என்று பேச வையுங்கள். என் வகுப்பில் கடைசிக் கேள்விதான் அதிக நேரம் எடுக்கும், குறிப்பாகப் பெண் பிள்ளைகள் இருக்கும் வகுப்பில்.

சட்டத்தையும் சொல்ல வேண்டுமா? நான் தமிழாசிரியர்.

நான்கு விஷயம் போதும், பத்து நிமிடத்தில் முடியும். ஒன்று, 1951 ஐ.நா. உடன்படிக்கை. இனம், மதம், தேசியம், குறிப்பிட்ட ஒரு சமூகக் குழுவில் இருப்பது, அரசியல் கருத்து, இவற்றில் ஏதோ ஒன்றுக்காகத் துன்புறுத்தப்படுவோம் என்று தக்க காரணத்தோடு அஞ்சி, தன் நாட்டுக்கு வெளியே இருப்பவர் அகதி. இரண்டு, எல்லை தாண்டாமல் சொந்த நாட்டுக்குள்ளேயே துரத்தப்பட்டவர்கள் இந்த வரையறைக்குள் வர மாட்டார்கள், ஆனால் மேலே சொன்ன 12 கோடியில் பாதிக்கும் மேல் அவர்கள்தான். மூன்று, இந்தியா அந்த உடன்படிக்கையிலும் அதை விரிவாக்கிய 1967 நெறிமுறையிலும் கையெழுத்துப் போடவில்லை.

நான்காவதைச் சொல்லும்போது வகுப்பு நிமிர்ந்து உட்காரும். 1987 ஜூலை 1-க்குப் பிறகு இந்தியாவில் பிறந்த குழந்தையின் அப்பா அம்மா இருவருமே வெளிநாட்டவர் என்றால், இங்கே பிறந்தது என்பதற்காக மட்டும் குடியுரிமை கிடைக்காது. அதாவது திருச்சியிலோ கும்மிடிப்பூண்டியிலோ பிறந்து, இங்கேயே பால்வாடி போய், இங்கேயே பத்தாம் வகுப்பு எழுதும் இலங்கை அகதி முகாம் பிள்ளை காகிதத்தில் இன்னும் வெளிநாட்டவர். பிள்ளைகள் நம்ப மாட்டார்கள், இரண்டு தடவை சொல்ல வேண்டியிருக்கும்.

என் வகுப்பிலேயே முகாம் பிள்ளைகள் படிக்கிறார்கள். என்ன செய்வது?

இதுதான் எல்லாவற்றிலும் முக்கியமான கேள்வி. 1983-க்குப் பிறகு பல கட்டமாக மூன்று லட்சத்துக்கும் மேற்பட்ட இலங்கைத் தமிழர்கள் தமிழ்நாட்டுக்கு வந்தார்கள், ராமநாதபுரம் மாவட்டத்து மண்டபம் முகாமில் பதிவு செய்து, மாவட்டம் மாவட்டமாகப் பிரிக்கப்பட்டார்கள். பலர் திரும்பிப் போனார்கள். பல்லாயிரம் பேர் இன்னும் அரசு முகாம்களில்தான் இருக்கிறார்கள், 2021-இல் அவற்றுக்கு மறுவாழ்வு முகாம் என்று பெயர் மாறியது. அதனால் உங்கள் வகுப்பில் ஒரு பிள்ளை இருந்தால் அதில் ஆச்சரியம் எதுவும் இல்லை.

முதலில், அந்தப் பிள்ளையை எழுப்பி "நீ சொல்லும்மா, உங்க அனுபவம் எப்படி" என்று ஒருபோதும் கேட்காதீர்கள். நல்ல மனதோடு கேட்பதாக நாம் நினைத்துக்கொள்கிறோம், ஆனால் அந்த நிமிடத்தில் அந்தப் பிள்ளை வகுப்பு மாணவி இல்லாமல் காட்சிப் பொருளாகிவிடுகிறாள். முகாமில் இருப்பது நெருங்கிய தோழிக்குக்கூடத் தெரியாமல் பார்த்துக்கொள்ளும் பிள்ளைகள் இருக்கிறார்கள். வருகைப் பதிவேட்டில் முகவரி இருக்கிறது என்பதற்காக அதை வகுப்பில் சொல்லும் உரிமை நமக்கு வந்துவிடாது.

இன்னொன்றையும் யோசியுங்கள். அவள் பிறந்ததே இங்கேதான். யாழ்ப்பாணத்தை அவளும் உங்களைப்போல யூடியூபில்தான் பார்த்திருப்பாள். போர் அவள் அம்மாவுக்கோ பாட்டிக்கோ நடந்தது. அவளுக்கு நடப்பது பத்துக்குப் பத்து வீடு, அதிகாரிகள் ஆள் எண்ண வரும் செக்கிங் நாளில் வேலையை விட்டுவிட்டு முகாமில் நிற்க வேண்டிய அப்பா, படித்து முடித்தபின் வேலைக்கு என்ன சான்றிதழ் கேட்பார்கள் என்ற பயம். ஷெல்லடி, பங்கர் என்று மட்டும் நாம் பாடம் நடத்தினால் அவளுடைய வாழ்க்கை அதில் எங்குமே இல்லை.

நான் செய்வது இதுதான்: பாடம் தொடங்குவதற்குச் சில நாள் முன்பு, வராந்தாவில் வேறு ஏதோ பேசும்போது பேச்சோடு பேச்சாக, அடுத்த வாரம் இன்ன நூல் எடுக்கப் போகிறேன், முன்கூட்டியே படிக்க வேண்டுமா, அந்த நேரம் நூலகத்தில் இருக்க வேண்டுமா, எதுவானாலும் சரி என்று சொல்லிவிடுவேன். பெரும்பாலும் வகுப்பிலேயே இருப்பார்கள், எதுவும் பேச மாட்டார்கள். அதை அப்படியே விட்டுவிட வேண்டும்.

எந்த வகுப்புக்கு எந்த நூல்?

ஆறு முதல் எட்டு வரை சொல்லே இல்லாத நூல் ஒன்று இருக்கிறது, ஆஸ்திரேலிய ஓவியர் ஷான் டான் 2006-இல் வெளியிட்ட 'தி அரைவல்'. மனைவியையும் மகளையும் விட்டுவிட்டு ஒருவர் தெரியாத நகரத்துக்குப் போகிறார். அந்த நகரத்தின் எழுத்தே ஓவியர் புதிதாக உருவாக்கியது, அதனால் பெயர்ப்பலகை, செய்தித்தாள் எதையும் அவராலும் படிக்க முடியாது, நம்மாலும் முடியாது. ஆங்கிலம் வராத பிள்ளையும் முதல் பெஞ்சுப் பிள்ளையும் இந்த நூலின் முன்னால் சமம்.

எட்டாம் வகுப்புக்குத் தான்ஹா லாய் எழுதிய 'இன்சைட் அவுட் அண்ட் பேக் அகெய்ன்' பொருத்தம். 1975-இல் சைகோன் விழும்போது பத்து வயதுச் சிறுமி ஹா குடும்பத்தோடு கப்பலேறி, அமெரிக்காவின் அலபாமாவுக்குப் போய்ச் சேருகிறாள். முழுக்கச் சின்னச் சின்னக் கவிதைகள். வீட்டுக்குப் பின்னால் அவள் வளர்த்த பப்பாளி மரம் ஒன்று உண்டு. புதுப் பள்ளியில் அவள் இருபது வரை எண்ணிச் சொன்னதும் வகுப்பே கைதட்டுகிறது. தனக்குப் பின்னங்களே தெரியும் என்பதைச் சொல்ல அவளுக்கு அந்த மொழி வராது. இந்த ஒரு பக்கத்தைத் தமிழில் சொல்லிக் காட்டுங்கள், அந்தக் கைதட்டலில் என்ன தப்பு என்று கேளுங்கள். நல்லதுதானே செய்தார்கள் என்று தொடங்கும் வகுப்பு கொஞ்ச நேரத்தில் வேறு இடத்துக்கு வந்துவிடும். ஆசிரியர்களும் படிக்க வேண்டிய பக்கம்.

ஒன்பது, பத்துக்கு எம்.ஏ. நுஃமானின் 'புத்தரின் படுகொலை' கவிதை. 1981-இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிக்கப்பட்டது, சுமார் 97,000 நூல்களும் ஏடுகளும் போயின. கவிதையில் கனவு ஒன்றில் புத்தர் சுடப்பட்டு நூலகப் படிக்கட்டருகே கிடக்கிறார், சிவில் உடையில் வந்த காவலர்கள் கொன்றது. எழுதியவர் கிழக்கே கல்முனைப் பக்கத்து முஸ்லிம் கவிஞர், எரிக்கப்பட்டது வடக்கின் நூலகம், கவிதையில் இறப்பது கொன்றவர்களே கும்பிடும் புத்தர். இந்த மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டினாலே போதும், நாம் விளக்கம் சொல்ல வேண்டியதில்லை. ஊரை விட்டுப் போவது 1983 கலவரத்தில் திடீரென்று தொடங்கவில்லை என்பதும் பிடிபடும்.

பதினொன்று, பன்னிரண்டுக்குத் தொ. பத்திநாதனின் 'போரின் மறுபக்கம்'. தமிழ்நாட்டு முகாம்களில் வாழ்ந்தவரே எழுதியது. நம் ஊரைப் பற்றி, நம் அதிகாரிகளைப் பற்றி, பக்கத்துத் தெருவில் இருந்துகொண்டு நாம் கவனிக்காததைப் பற்றிய நூல் என்பதால் பிள்ளைகளுக்குக் கூச்சமாக இருக்கும். அந்தக் கூச்சம் வேண்டும். உருது எழுத்தாளர் மண்ட்டோவின் 'டோபா டேக் சிங்' கதையையும் இதே வயதில் படித்துவிடலாம், இந்தியா-பாகிஸ்தான் பிரிவினை என்றால் என்ன என்று அதைவிடச் சுருக்கமாகச் சொன்ன கதையை நான் படித்ததில்லை.

கல்லூரிக்கு ஈழத்து எழுத்தாளர் ஷோபாசக்தியின் 'கொரில்லா' நாவல். பிரான்சில் தஞ்சம் கேட்டு எழுதும் விண்ணப்பத்தோடு நாவல் தொடங்குகிறது. இதைக் கபிலரின் 201-ஆம் பாட்டோடு சேர்த்துப் படிக்க வையுங்கள். ஈராயிரம் வருட இடைவெளியில் இரண்டு மனு, இரண்டிலும் இவர் யார் என்ற கேள்விக்குப் பதில். வன்முறை உண்டு, பள்ளிக்கு வேண்டாம்.

எப்போதும் ஈழம்தானா?

இல்லை. இலங்கையை எடுத்தாலும் ஒரே ஒரு குரலோடு நிற்காதீர்கள். 1990 அக்டோபரில் வடக்கிலிருந்த முஸ்லிம்களைப் புலிகள் வெளியேற்றினார்கள், யாழ்ப்பாணத்தில் கிடைத்த அவகாசம் சில மணி நேரம், போய்ச் சேர்ந்தது பெரும்பாலும் புத்தளம் முகாம்கள். இதைச் சொல்லாமல் 1995 அக்டோபர் இறுதியில் மழை இரவில் யாழ்ப்பாணமே எழுந்து பக்கத்துப் பகுதியான தென்மராட்சிக்கு நடந்ததை மட்டும் சொன்னால் பாதிக் கதைதான் சொன்னதாகும்.

நீலகிரிப் பக்கம் வேலை பார்க்கும் ஆசிரியர்கள் இலங்கைத் தேயிலைத் தோட்டங்களில் உழைத்த மலையகத் தமிழரை எடுங்கள். 1948-இல் இலங்கை குடியுரிமையைப் பறித்தது, 1964-இல் இரு நாட்டுப் பிரதமர்கள் சிறிமாவோவும் சாஸ்திரியும் கையெழுத்திட்டு ஐந்தேகால் லட்சம் பேர் இந்தியாவுக்கு, மூன்று லட்சம் பேர் இலங்கைக்கு என்று பங்கு பிரித்தார்கள். அந்தக் குடும்பங்களின் பேரப்பிள்ளைகள் கூடலூரிலும் கோத்தகிரியிலும் உங்கள் பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறார்கள். சட்டப்படி அகதிகள் இல்லை, தாயகம் திரும்பியோர், ஆனால் பார்த்தே இராத தாயகம். சென்னை ஆசிரியர்களுக்கு வியாசர்பாடியின் பர்மா தமிழர்கள் இருக்கிறார்கள்.

தமிழர் இல்லாத ஒரு கதையும் கட்டாயம் வேண்டும். நம் ஆள் என்பதால் வரும் பரிவு நம் ஆளோடு நின்றுவிடும். கஸ்ஸான் கனஃபானி பன்னிரண்டு வயதில் பாலஸ்தீனத்திலிருந்து துரத்தப்பட்டவர். 1963-இல் வந்த அவருடைய 'மென் இன் தி சன்' குறுநாவலில் மூன்று பேர் குவைத்துக்கு ஒரு காலித் தண்ணீர் லாரியின் தொட்டிக்குள் ஒளிந்து போகிறார்கள். எல்லைச் சாவடியில் அலுவலர்கள் டிரைவரைப் பிடித்து வைத்துக் கேலி பேசிக்கொண்டிருக்கிறார்கள், வெயிலில் தொட்டிக்குள் மூவரும் இறந்துபோகிறார்கள். ஏன் தொட்டியைத் தட்டவில்லை என்று கடைசியில் டிரைவர் கதறுகிறான். கல்லூரி மாணவர்கள் இந்தக் கேள்வியோடு ஒரு மணி நேரம் மல்லுக்கு நிற்பதைப் பார்த்திருக்கிறேன்.

ஐந்து நிமிடத்தில் வீட்டை விட்டுக் கிளம்ப வேண்டும், என்ன எடுப்பாய் என்று ஒரு செயல்பாடு வைக்கலாமா?

நிறையப் பேர் வைக்கிறார்கள், நான் வைப்பதில்லை. ஃபோன், சார்ஜர், நாய்க்குட்டி என்று எழுதி, சிரித்து, மணி அடித்ததும் மறந்துவிடுவார்கள். அகதி வாழ்க்கையை அரை மணி நேரத்தில் அனுபவித்துவிட்டோம் என்ற எண்ணமும் வந்துவிடும், அது இன்னும் மோசம். உண்மையிலேயே கிளம்பிய குடும்பத்துப் பிள்ளை அதே அறையில் இருந்தால் அந்தச் சிரிப்பைக் கேட்டுக்கொண்டு அவள் உட்கார்ந்திருக்க வேண்டும். அதற்குப் பதிலாக நூலில் வரும் ஆள் எதை எடுத்தார், எதை விட்டார், ஏன் என்று பக்கத்திலிருந்து ஆதாரம் காட்டி எழுதச் சொல்லுங்கள். பத்திரம், பிறப்புச் சான்றிதழ், பள்ளிச் சான்றிதழ் என்று காகிதங்கள் திரும்பத் திரும்ப வருவதை அவர்களே கண்டுபிடிப்பார்கள்.

பிள்ளைகள் "பாவம் மிஸ்" என்று முடித்துவிடுகிறார்கள்.

முடிக்கட்டும், அடுத்த கேள்வியைப் போடுங்கள். யார் என்ன செய்திருந்தால் இது நடந்திருக்காது? எந்தக் கையெழுத்து, எந்த உத்தரவு, எந்த மௌனம்? பாவம் என்பதில் நமக்கு எந்த வேலையும் இல்லை. இந்தக் கேள்வியில் இருக்கிறது.

முகாமுக்கே அழைத்துப் போகலாமா?

வேண்டாம். அது நாலு பேர் குடியிருக்கும் இடம். அனுமதி வாங்குவது ஒரு பக்கம் இருக்கட்டும், அறுபது பிள்ளைகள் வரிசையாக வந்து நம் வீட்டு வாசலில் நின்று பார்த்தால் நமக்கு எப்படி இருக்கும்?

அரசியல் பேசுகிறீர்கள் என்று பெற்றோரோ நிர்வாகமோ கேட்டால்?

கேட்பார்கள். தலைமை ஆசிரியரிடம் எந்த நூல், எந்தப் பக்கங்கள், எத்தனை பீரியட் என்று முன்பே ஒரு தாளில் எழுதிக் கொடுத்துவிடுங்கள். புறநானூற்றில் தொடங்குவதற்கு இந்தப் பயனும் உண்டு, பாடத்துக்கு வெளியே போகிறீர்கள் என்று யாரும் சொல்ல முடியாது. வகுப்பில் இன்ன இயக்கம் சரி, இன்ன கட்சி தப்பு என்று தீர்ப்புச் சொல்லாதீர்கள். ஆனால் நடந்ததை நடந்தது என்று சொல்லத் தயங்கவும் கூடாது. நூலகம் எரிந்தது என்று சொல்லாதீர்கள், எரித்தார்கள் என்று சொல்லுங்கள்.

ஈழத்து நடை புரியவில்லை என்கிறார்கள்.

முதல் இரண்டு பக்கம்தான் அப்படி இருக்கும். நீங்களே சத்தமாக வாசித்துக் காட்டுங்கள், காது பிடித்துக்கொள்ளும். அகராதி கொடுத்து ஆரம்பிக்க வேண்டாம்.

மதிப்பெண் எப்படிப் போடுவது?

உணர்ச்சிக்குப் போடாதீர்கள். உருகி உருகி எழுதிய பிள்ளைக்கு முழு மதிப்பெண்ணும், கவனித்து எழுதிய பிள்ளைக்குப் பாதியும் கொடுத்தால் எல்லோரும் அடுத்த முறை உருகுவார்கள். நூலில் இருந்து எவ்வளவு எடுத்துக் காட்டியிருக்கிறார்கள் என்று பாருங்கள். கபிலர் இடத்தில் இருந்து இருங்கோவேளுக்கு ஒரு பக்க மனு எழுதச் சொன்னேன், அந்தப் பெண்களில் ஒருத்தி எழுதுவதாகவும் எழுதலாம் என்றேன். மறுத்தவன் தரப்பையும் சிலர் எழுதிக்கொண்டு வந்தார்கள், மூவேந்தரைப் பகைத்துக்கொள்ள முடியாது என்று காரணம் காட்டி. அதற்கும் நல்ல மதிப்பெண் போட்டேன், பாட்டை நன்றாகப் படித்தால்தான் அந்தப் பயம் தெரியும்.

நூல்கள் எங்கே கிடைக்கும்?

இலங்கைத் தமிழ் நூல்களுக்கும் பழைய இதழ்களுக்கும் 'நூலகம்' இணையத்தளம் போதும், 2005 முதல் தன்னார்வலர்கள் மின்னாக்கி இலவசமாக வைத்திருக்கிறார்கள். எரிக்கப்பட்ட நூலகத்தின் கதையை நடத்திய மறுநாள் அந்தத் தளத்தைப் பிள்ளைகளுக்குத் திறந்து காட்டுவேன், அவர்களே தேடட்டும் என்று விட்டுவிடுவேன். 'போரின் மறுபக்கம்' காலச்சுவடு வெளியீடு. ஆங்கில நூல்களை எல்லோரும் வாங்க வேண்டாம், பள்ளி நூலகத்தில் ஒரு பிரதி இருந்தால் வேண்டிய பக்கத்தை நீங்கள் தமிழில் சொல்லலாம்.

எனக்கு ஒரே ஒரு பீரியட்தான் இருக்கிறது.

அப்படியென்றால் 112-உம் 201-உம் மட்டும். முதல் பாட்டுக்கு இருபது நிமிடம், இரண்டாவதற்கு இருபது. சட்டம், எண்ணிக்கை, வரைபடம் எதுவும் வேண்டாம். மணி அடிக்க ஐந்து நிமிடம் இருக்கும்போது, இருங்கோவேள் மறுத்துவிட்டான் என்று சொல்லி, இனி கபிலர் அந்தப் பெண்களை எங்கே அழைத்துப் போவார் என்று ஆளுக்கு இரண்டு வரி எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.